விடுமுறைக்குக் கொழும்பா, அக்கரைப்பற்றா? சட்டம் படிக்கும் ஒரு தங்கச்சிக்கு

திருக்கோவிலிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. யாழ்ப்பாணத்தில் சட்டமாணி (சட்ட இளமாணிப் பட்டம்) இரண்டாம் வருடம் படிக்கிறா. வீட்டிலும் சொந்தத்திலும் சட்டத்தரணி என்று ஒருவரும் இல்லை. கூடப் படிக்கிற சிலர் விடுமுறை விட்டதும் கொழும்பில் பெரிய சட்ட நிறுவனங்களுக்குப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோடு வருகிறார்கள். தனக்குக் கொழும்பில் தங்க இடமும் இல்லை, செலவுக்கு வழியும் இல்லை. ஊருக்கு வந்து சும்மா இருந்துவிட்டுப் போனால் நாளைக்கு யார் மதிப்பார்கள், இங்கே இருந்துகொண்டு செய்யக்கூடியது ஏதாவது உண்டா என்பதுதான் அவ கேட்பது.

உண்டு. வேறு வழியில்லாதவர்களுக்கான இரண்டாந்தர ஏற்பாடாக இதைச் சொல்லவில்லை. கம்பனிச் சட்டம், வங்கி ஒப்பந்தம், வரி என்று போகிற எண்ணம் இருந்தால் கொழும்புதான் சரி, அதில் வாதமில்லை. நீதிமன்றத்தில் நின்று வழக்குப் பேசுகிற சட்டத்தரணியாக வர ஆசை என்றால், முதல் இரண்டு விடுமுறைகளை அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ கழிக்கிற பிள்ளை கொழும்புக்குப் போன பிள்ளையைவிட முன்னுக்கு நிற்கும் என்பது என் கணிப்பு. பெரிய நிறுவனங்களில் இரண்டாம் வருடப் பிள்ளைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆவணங்களை அடுக்குவதும் தீர்ப்புகளைத் தேடிக் கொடுப்பதும்தான். கட்சிக்காரரின், அதாவது வழக்குக் கொண்டுவருகிறவரின், முகத்தைக்கூடக் காணக் கிடைக்காது.

இன்னொரு காரணம் மொழி. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி தமிழ் நிருவாக மொழியாக உள்ள இடங்களில் நீதிமன்ற மொழி தமிழ். பதிவேடும் நடவடிக்கைகளும் அந்த மொழியிலேயே. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் சாட்சி தமிழில் சொல்கிறார், குறுக்கு விசாரணை தமிழில் நடக்கிறது, வழக்கேடு தமிழில் எழுதப்படுகிறது. அம்பாறை நகர நீதிமன்றத்துக்குப் போனால் அதே சட்டம் சிங்களத்தில் நடக்கும். நீங்களோ சட்டத்தை ஆங்கிலத்தில் படிக்கிறீர்கள். நல்ல புள்ளியோடு பட்டம் எடுத்துவிட்டு, ஒரு சாதாரண நகர்த்தல் பத்திரத்தை (நீதிமன்றத்திடம் ஒன்றைக் கேட்டு எழுதுகிற மோஷன்) தமிழில் எழுதத் தெரியாமல் முழிக்கிற புதிய சட்டத்தரணிகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அந்த இடைவெளியை மாணவப் பருவத்திலேயே நிரப்பிக்கொள்ள ஊரைவிட நல்ல இடம் கிடையாது.

முதல் வேலைக்கு யாருடைய கடிதமும் வேண்டாம். நீதிமன்ற அமர்வுகள் பொதுமக்களுக்குத் திறந்தவை என்பது அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரை. குடும்ப விடயங்கள், பாலியல் குற்றங்கள் போன்றவற்றில் மட்டும் நீதிபதி ஆட்களை வெளியே அனுப்பலாம். ஒழுங்கான உடை உடுத்து, தொலைபேசியை நிறுத்தி, நீதவான் நீதிமன்றத்தில் பின்வாங்கிலில் இருங்கள். பார்த்து ரசிக்கப் போகாதீர்கள், எழுதப் போங்கள். பொலிசார் சந்தேகநபரைக் கொண்டுவந்து பீ அறிக்கை (விசாரணை பற்றி நீதவானுக்குக் கொடுக்கிற பொலிஸ் அறிக்கை) தாக்கல் செய்கிறபோது என்ன சொல்கிறார்கள், சட்டத்தரணி பிணைக்கு என்ன காரணம் காட்டுகிறார், நீதவான் எந்தக் கேள்வி கேட்டார், என்ன நிபந்தனை போட்டார் என்று குறித்துக்கொண்டு வந்து, பின்னேரம் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையையும் 1997ஆம் ஆண்டின் பிணைச் சட்டத்தையும் விரித்து வைத்து எந்தப் பிரிவு எங்கே வேலை செய்தது என்று பாருங்கள். ஒரு கிழமை இப்படிச் செய்தால் வகுப்பில் கேட்டது வேறு மாதிரி விளங்கத் தொடங்கும்.

அங்கே இருக்கிறபோது ஒரு வகை வழக்கைக் குறிவைத்துப் பாருங்கள்: 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வருகிற காணித் தகராறுகள். வேலியை மாற்றிப் போட்டான், வயலுக்குள் இறங்கி உழுதான், வழியை மறித்தான் என்று சமாதானம் குலையப்போகிற சண்டைகள். இந்த வழக்கில் காணி யாருக்குச் சொந்தம் என்று நீதவான் தீர்மானிப்பதில்லை. வழக்குத் தாக்கல் செய்த நாளில் யார் கையில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பதைத்தான் பார்ப்பார். பெரும்பாலும் சத்தியக்கடதாசியிலும் (சத்தியம் செய்து எழுதித் தருகிற வாக்குமூலம்) இணைத்த ஆவணங்களிலும்தான் வழக்கு நிற்கும், விழும். ஒரு மாணவிக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை: கதை சிறியது, காலம் குறுகியது, இரண்டு பக்கமும் ஒரே சம்பவத்தை எப்படி வெவ்வேறாக எழுதுகிறார்கள் என்பது பக்கத்துப் பக்கத்தில் தெரியும். தகராறு வயலைப் பற்றியது என்றால் உரமானியப் பற்றுச்சீட்டும் கமநல சேவை நிலையத்துக் கடிதமும் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலும் எவ்வளவு பாரம் தூக்குகின்றன என்று கண்ணால் காண்பீர்கள்.

அடுத்தது ஒரு மூத்த சட்டத்தரணியின் அலுவலகம். சொந்தத்தில் சட்டத்தரணி இல்லாத பிள்ளைகள் இங்கேதான் தயங்கி நிற்கிறார்கள். வட்ஸ்அப்பில் நீண்ட அறிமுகக் கடிதம் அனுப்பாதீர்கள். அதை வாசிக்க அவர்களுக்கு நேரமில்லை. சில நாள் நீதிமன்றத்தில் இருந்து பார்த்தால், யார் கோவையை வாசித்துவிட்டு வருகிறார், யார் தவணை கேட்பதையே தொழிலாக வைத்திருக்கிறார் என்று உங்களுக்கே விளங்கிவிடும். வாசித்துவிட்டு வருகிறவரைத் தெரிவு செய்யுங்கள், பெயர் பெரிதா என்று பார்க்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பலர் பின்னேரத்தில்தான் வீட்டோடு சேர்ந்த அலுவலகத்தில் கட்சிக்காரரைச் சந்திப்பார்கள். அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு நேரில் போய், “சேர், இன்ன இடத்தில் படிக்கிறேன், இந்த விடுமுறை முழுக்க வரலாம், காசு எதுவும் வேண்டாம், வேலை பழகவேண்டும்” என்று சொல்லுங்கள். பெண் சட்டத்தரணி என்றால் மெடம். ஒருவர் மறுத்தால் அடுத்தவரிடம் போங்கள். மட்டக்களப்பு, கல்முனை போன்ற இடங்களில் சட்டத்தரணிகள் சங்கங்கள் இருக்கின்றன. செயலாளரிடம் கேட்டாலும் யாரிடம் இடமிருக்கிறது என்று சொல்வார்.

உள்ளே போனதும் முதலில் மதிக்கவேண்டியவர் கிளாக்கர். முத்திரை எவ்வளவு, அழைப்பாணை எப்போது பிஸ்காலிடம் (அதைச் சேர்ப்பிக்கிற நீதிமன்ற அலுவலர்) போகும், எந்த மேசையில் எந்தத் தாள் தேங்கும், சான்றுப்படுத்திய பிரதிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பதெல்லாம் அவருடைய தலைக்குள்தான் இருக்கிறது. சட்டமாணிப் பிள்ளை என்ற மிதப்போடு போனால் அவர் ஒன்றும் சொல்லித்தர மாட்டார், அதுவும் நியாயம்தான். தமிழ் தட்டச்சும் பழகிக்கொள்ளுங்கள். யுனிகோட் தெரிந்தால் மட்டும் போதாது. பல அலுவலகங்களில் பழைய கோவைகள் எல்லாம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் கிடக்கின்றன.

சேரிடம் என்ன வேலை தாருங்கள் என்று கேட்டுக்கொண்டே நிற்கவேண்டாம். ஒரு பழைய கோவையை எடுத்து அதன் காலவரிசையை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள்: எந்தத் திகதியில் எந்த உறுதி (காணிப் பத்திரம்) முடிந்தது, யார் இறந்தார், எப்போது வழக்குப் போட்டார்கள், எதிராளி மறுமொழியில் எதை ஒப்புக்கொண்டார், எதை மறுத்தார். பக்கத்தில் எந்த ஆவணம் அதை நிரூபிக்கிறது என்று ஒரு கோடு. இந்த ஒரு தாளை ஒழுங்காகச் செய்கிற மாணவியை எந்த மூத்தவரும் விடமாட்டார். அவருக்கு உண்மையில் உதவுகிற வேலை அது. உங்களுக்கும் விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, முன்னால் வழக்கு எப்படிக் கட்டப்படுகிறது என்று புரியும்.

காணியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும். கிழக்கில் சட்டத்தொழில் என்றால் பாதிக்கு மேல் காணிதான். காணி தெரியாத சட்டத்தரணிக்கு இங்கே குடியியல் பக்கத்தில் வேலையே இல்லை.

யாழ்ப்பாணத்தில் படிக்கிறதால் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் உங்களுக்கு நன்றாகப் படிப்பிக்கப்பட்டிருக்கும். அதை அப்படியே கொண்டுவந்து ஊரில் பொருத்தாதீர்கள். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கானது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்குப் பொதுச் சட்டம்தான், அதாவது ரோமன் டச்சுச் சட்டமும் 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், உரிமைவழிக் கட்டளைச் சட்டமும். முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு முஸ்லிம் சட்டம். ஆனால் சனங்களின் வழக்கம் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே தாய் பெயரில் இருக்கிற வளவு மகளுக்குச் சீதனமாகவோ நன்கொடையாகவோ எழுதப்படும். தாய் தனக்குச் சீவிய உரிமையை வைத்துக்கொண்டு எழுதினாளா, மூத்தவளுக்கு எழுதியபிறகு இளையவளுக்கு அதே காணியில் ஒரு துண்டு எழுதினாளா, வாயால் கொடுத்துவிட்டு எழுதாமலே இறந்தாளா என்பதில்தான் முக்கால்வாசி வழக்குகள் பிறக்கின்றன.

வாயால் கொடுத்தது ஏன் நிற்காது என்பதற்கு 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவை வாசியுங்கள்: காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதியும் பதியாமல் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. பெறுமதி கொடுத்துப் பின்னால் வாங்கியவர் முன்னால் பதிந்துவிட்டால் முந்திய உறுதி தோற்றுப்போகலாம். எழுதாமலே பத்து வருடம் ஆண்டவருக்கு, அந்த ஆட்சியைக் கொண்டே உரிமை கோர, 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். யுத்தத்தில் ஊரைவிட்டு ஓடியவர்களின் காணியில் இந்தப் பத்து வருடத்தைக் காட்டிச் சிலர் சொந்தம் கொண்டாடியதால் 2016இல் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் வந்தது; 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுத நடவடிக்கைகளால் நீதிமன்றம் போக முடியாதிருந்தவருக்கு அந்தக் காலம் எதிராகக் கணக்கெடுக்கப்படாது. திருக்கோவில் பக்கத்தில் இதற்கு உதாரணம் தேட நீங்கள் தூரம் போகவேண்டியதில்லை. 2004 சுனாமியில் உறுதிகள் அள்ளுப்பட்டுப் போனவர்களும் அதே கரையோரத்தில்தான் இருக்கிறார்கள்.

பிறகு அனுமதிப்பத்திரக் காணி. கல்லோயாத் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அம்பாறை மாவட்டத்தில் வயலும் குடியிருப்பும் பெருமளவு அரச காணி, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. இதை உறுதிக் காணிபோல விற்க முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். அரசுக்கு எதிராகக் காலவிதிப்பும் ஓடாது. தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பின்னுரித்தாளரைப் பெயரிடாமல் இறந்தால் மூன்றாம் அட்டவணைப்படி போகும். அந்த அட்டவணை நெடுங்காலம் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்து, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தோடுதான் மாறியது. பெண்பிள்ளைக்கே வீடு என்று வாழ்கிற சமூகத்தில் அந்தப் பழைய அட்டவணை என்ன குழப்பம் செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பட்டப்படிப்பில் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிவந்தால் இதைவிட்டு வேறு தலைப்புத் தேடவேண்டாம். தரவு உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது, கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு அது கிடைக்காது.

இதையெல்லாம் பழக ஒரு வழி: கிளாக்கரோடு காணிப் பதிவகத்துக்குப் போய் ஒரு காணியின் தேடுதலை, அதாவது அது யார் யார் கைமாறி வந்தது என்று பதிவேட்டில் பார்ப்பதை, தொடக்கத்திலிருந்து முடிவுவரை நீங்களே செய்து பாருங்கள். பதிவேட்டுத் தாள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, எந்த உறுதியில் எல்லை மாறியது, எங்கே ஒரு பங்கு காணாமற் போனது என்று பின்னோக்கிப் போவது பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதைப் பழகியவருக்கு நொத்தாரிசுத் தொழில் பாதி கைவந்தமாதிரி. நொத்தாரிசு ஆணைப்பத்திரம் குறித்த ஒரு நீதி வலயத்துக்கும் குறித்த மொழிக்கும்தான் தரப்படும் என்பதையும் இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் தாபரிப்பு, வீட்டு வன்முறை, விவாகரத்து என்று ஏழைப் பெண்களின் வழக்குகள் வரும். 1999ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டத்தையும் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தையும் அங்கே பழகலாம், கட்சிக்காரரோடு பேசவும் பழகலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு எழுதும் பயிற்சி கிடைக்கும். மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் நெடுங்காலமாகப் பெண்களுக்கு எதிரான வன்முறை விடயத்தில் வேலை செய்கிறது. இவற்றில் எதற்கும் போகமுன் எழுத்தில் கேளுங்கள், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுபோங்கள்.

தகராறுகளைப் பேசித் தீர்க்கிற மத்தியஸ்த சபைக்கும் முஸ்லிம்களின் விவாக விடயங்களைப் பார்க்கிற காதி நீதிமன்றத்துக்கும் சட்டத்தரணி தோன்ற முடியாது. அதனாலேயே சட்டம் படிக்கிறவர்கள் அவற்றைக் கணக்கெடுப்பதில்லை. அது பிழை. மத்தியஸ்த சபை வார இறுதியில் பாடசாலை மண்டபத்தில் கூடும். தவிசாளர் அனுமதித்தால் ஒரு மூலையில் இருந்து பாருங்கள். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இரண்டு பக்கத்தையும் பேசவிட்டுக் கடைசியில் ஒரு தொகைக்குக் கொண்டுவந்து நிறுத்துகிற விதத்தை எந்த விரிவுரையும் கற்பிக்காது.

இன்னொன்று, வீட்டில் இருந்தே செய்யலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். பிரதேச சபை உங்கள் வீதிக்கு ஒதுக்கிய பணம் எவ்வளவு என்றாவது கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் மேன்முறையீடு, பிறகு ஆணைக்குழு. பட்டம் இல்லாமலே ஒரு முழு நடவடிக்கைமுறையை உங்கள் பெயரில் நடத்திப் பார்க்கக் கிடைக்கிற இடம் இதுதான்.

சிங்களத்தை விட்டுவிடாதீர்கள். கிழக்கில் பொலிசார் எழுதுகிற வாக்குமூலங்களும் குறிப்புகளும் எத்தனையோ சிங்களத்தில் இருக்கின்றன. மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கிற சட்டத்தரணிக்கும் நேரே வாசிக்கிறவருக்கும் இடையில் கட்சிக்காரருக்கு வித்தியாசம் தெரியும். கையெழுத்துச் சிங்களம் வாசிக்கிற அளவுக்கு வந்தால் போதும். ஆங்கிலம் மேன்முறையீட்டுக்கு: உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தங்கள் இணையத்தளங்களில் தீர்ப்புகளைப் போடுகின்றன. கல்முனை, மட்டக்களப்பு நீதிமன்றங்களிலிருந்து மேலே போன வழக்குகளைத் தேடி, உங்கள் ஊர் நீதிமன்றத்தில் தமிழில் நடந்தது மேலே ஆங்கிலத்தில் எப்படி எழுதப்படுகிறது என்று வாசியுங்கள். கிழமைக்கு ஒன்று போதும்.

கொழும்பு எப்போது என்றால், மூன்றாம் வருட முடிவில். அப்போது ஒரு மாதமாவது கொழும்பில் மேல்மட்ட நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில், மேன்முறையீட்டு வழக்குகள் செய்கிற ஒருவரிடம் இருங்கள். அதற்குள் மூல வழக்கேடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்பதால் ஒரு மாதத்தில் பழகுவது மற்றவர் ஆறு மாதத்தில் பழகுவதற்குச் சமம். பட்டதாரியான பிறகு எப்படியும் அங்கே போகத்தானே வேண்டும். சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை உங்களுக்கு இல்லை. அதன் பரீட்சைகள், செயன்முறைப் பயிற்சி, மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதத் தொழில் பயிற்சி, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துகிற விதிகளைப் பாராளுமன்றம் 2023இல் தோற்கடித்தது, ஆகவே அந்தப் பயம் வேண்டாம். அந்த ஆறு மாதத்தை இப்போது நீங்கள் தேடிக்கொள்கிற சேரிடமே செய்யலாமா என்று அப்போது யோசியுங்கள், கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

சான்றிதழ் பற்றிக் கேட்டீர்கள். வெளிநாட்டுப் பட்டப்பின் படிப்புக்கோ பெரிய நிறுவன வேலைக்கோ விண்ணப்பித்தால் அது உதவும். விடுமுறை முடிவில் சேரிடம் ஒரு கடிதம் கேளுங்கள், தருவார். நீதிச்சேவைப் பரீட்சையிலும் சட்டமா அதிபர் திணைக்களத்து நேர்முகத்திலும் உங்களைக் காப்பாற்றப்போவது சான்றுக் கட்டளைச் சட்டமும் நடவடிக்கைமுறையும் கைக்குள் இருப்பதுதான். மாதிரி வழக்காடல் போட்டிகளுக்குப் போங்கள், நல்லது, குரல் திறக்கும். அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். நீங்கள் பயிற்சிக்கு இருக்கிற அலுவலகத்தில் ஒருநாள் வழக்கின் எதிர்த்தரப்பாக உங்கள் மாமியின் பெயர் வரும். வந்த உடனே சேரிடம் சொல்லிவிட்டு அந்தக் கோவையைத் தொடாதீர்கள். மற்றக் கோவைகளில் வாசித்ததை வீட்டில் சொல்லக்கூடாது, கோவிலடியில் சொல்லக்கூடாது, முகநூலில் பெயர் போடாமலும் எழுதக்கூடாது. திருக்கோவிலில் பெயர் போடாமல் எழுதினாலும் ஆள் யாரென்று பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும். சட்டத்தரணிகளின் நடத்தை பற்றி 1988இல் உயர் நீதிமன்றம் ஆக்கிய விதிகள் இருக்கின்றன. சேருவதற்கு முந்திய இரவே அவற்றை ஒருதரம் வாசியுங்கள்.

மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பரில் விடுமுறை வரும். உங்கள் பல்கலைக்கழக விடுமுறையும் அதே மாதத்தில் விழுந்தால் அங்கே நடக்கிற காணி வழக்கைப் பார்க்கக் கிடைக்காது; அப்போது நீதவான் நீதிமன்றத்துக்கும் காணிப் பதிவகத்துக்கும் போங்கள், சேரிடமும் பழைய கோவைகளைக் கேளுங்கள்.